ஐந்தாவது பீரியட் ஜெசிந்தா டீச்சருடையது

எங்கள் பள்ளியில் இரண்டு கால அட்டவணை உண்டு. ஒன்று, எச்.எம். அறைச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருப்பது. அதில் பத்தாம் வகுப்பு ‘பி’ பிரிவுக்குப் புதன்கிழமை ஐந்தாவது பீரியட் பி.டி. என்று பச்சை மையில் அழகாக எழுதியிருக்கும். ஆய்வுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போவார்கள். இன்னொன்று எங்கள் தலைக்குள் இருப்பது. அதில் புதன்கிழமை ஐந்தாவது பீரியட் கணக்கு. கணக்கு டீச்சர் நான்தான், பெயர் கவிதா. எட்டு வருடமாக அந்தப் பீரியடைத் திருடித் தின்றிருக்கிறேன். திருட்டு என்று சொல்ல இப்போதுதான் வாய் வருகிறது. அப்போது அதற்குக் கடமை என்று பெயர் வைத்திருந்தோம்.

யாரிடமிருந்து திருடினேன் என்று சொல்ல வேண்டாமா? எங்கள் உடற்கல்வி ஆசிரியை ஜெசிந்தாவிடமிருந்து. திருவெண்ணெய்நல்லூர் பக்கத்து ஊர்க்காரி. அப்பா ராயப்பன் கரும்பு வெட்டப் போனவர். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. ஜெசிந்தா எட்டாவது படிக்கும்போது பாதி நாள் வகுப்பில் தூங்கி வழிந்ததாகவும், எண்ணூறு மீட்டர் ஓட ஆரம்பித்த பிறகுதான் பாடம் மண்டையில் ஏறியதாகவும் அவளே சொல்வாள். மாவட்ட அளவில் இரண்டு முறை முதலிடம். அதற்கப்புறம் பி.பி.எட். படித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தது ஒன்பது வருடம். நடுவில் கோட்டக்குப்பம் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் பி.டி. டீச்சர் என்று சேர்த்துக்கொண்டு, காலையும் மாலையும் வேன் கதவில் நிறுத்திப் பிள்ளைகளை ஏற்றி இறக்க வைத்தார்கள். மைதானத்தில் கார் நிறுத்தியிருந்தார்களாம்.

எல்லாம் தாண்டி அரசாங்க வேலை கிடைத்து, திண்டிவனத்திலிருந்து ஒன்பது கிலோமீட்டர் உள்ளே மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவில் இருக்கும் எங்கள் பள்ளிக்கு வந்து சேர்ந்தாள். நாங்கள் மட்டும் என்ன செய்தோம்? மணி அடிக்க அவள். சத்துணவு முட்டையை எண்ண அவள். லேட்டாக வருகிறவர்களை கேட்டில் நிறுத்த அவள். முடி வளர்த்த பையன்களைச் சலூனுக்குத் துரத்த அவள். ஆபீசுக்குத் தபால் கொண்டுபோகவும் அவள்தான், ஏனென்றால் “பி.டி. டீச்சர் சும்மாதானே இருக்காங்க.” இரண்டு ஏக்கர் மைதானம் பள்ளிக்குப் பின்னால் முள் முளைத்துக் கிடந்தது. அவள் ஞாயிற்றுக்கிழமை வந்து தானே மண்வெட்டியால் கொத்திச் சுத்தம் செய்தாள். அதற்கும் நாங்கள் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

போன நவம்பரில் எனக்கு டெங்கு வந்தது. மூன்று வாரம் மெடிக்கல் லீவு. அரையாண்டுத் தேர்வு தலைக்கு மேல் நிற்கிறது. காலாண்டில் ‘பி’ பிரிவின் முப்பத்தெட்டுப் பேரில் கணக்கில் தேறியவர்கள் பதின்மூன்றே பேர். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அதையே நினைத்து மாய்ந்தேன். எச்.எம். ராஜ்குமார் சார், என் வகுப்புக்கு ஜெசிந்தாவை அனுப்பி, “சத்தம் போடாம உக்கார வெச்சாப் போதும்” என்றாராம்.

என் வகுப்பு, தினமும் மதியச் சாப்பாடு முடிந்தவுடன் வரும் ஐந்தாவது பீரியட். சோறும் முட்டையும் உள்ளே போனபின் பிள்ளைகளுக்குக் கண் சொருகும். நான் சாக்பீஸ் எறிவேன், எழுப்பி நிறுத்துவேன், வாய் வலிக்கத் திட்டுவேன். ஜெசிந்தா ஒன்றும் எறியவில்லை. மணி அடித்ததும் அத்தனை பேரையும் மைதானத்துக்குக் கூட்டிப் போனாள். கால் மணி நேரம் வேக நடை, மெதுவான ஓட்டம், கயிறு தாண்டுதல். அப்புறம் முகம் கழுவ வைத்து, உள்ளே கொண்டுவந்து, என் பீரோவில் இருந்த பழைய வினாத்தாள்களை எடுத்து இரண்டு பேருக்கு ஒன்றாகக் கொடுத்தாள். “எனக்குக் கணக்கு தெரியாது. உங்களுக்குள்ள பேசிக்கினு போடுங்க” என்று சொல்லிவிட்டு ஓரமாக நின்றாள். மூன்று வாரமும் இதேதான்.

அரையாண்டில் இருபத்தேழு பேர் தேறினார்கள். காலாண்டில் இருபத்தெட்டு மார்க் வாங்கிய இளவரசி அறுபத்தொன்று. நான் விடைத்தாளை இரண்டு தடவை திருத்தினேன். காப்பியடித்தார்களோ என்று சந்தேகப்பட்டு அவளைக் கூப்பிட்டு, கரும்பலகையில் அதே கணக்கைப் போடச் சொன்னேன். போட்டுக் காட்டினாள்.

“எப்படி உனக்கு இது வந்துச்சு?” என்று கேட்டேன்.

“பி.டி. டீச்சர் ஓட உடுவாங்க டீச்சர். ஓடிட்டு வந்து உக்காந்தா தூக்கம் வரல. நீங்க ஏற்கெனவே நடத்துனதெல்லாம் அப்பத்தான் புரிஞ்சிது.”

சரி என்று அனுப்பிவிட்டேன். யாரிடமும் மூச்சு விடவில்லை.

அதற்குள் எச்.எம். மேலே அறிக்கை அனுப்பியாகிவிட்டது. லீவுக்கு முன்னால் நான் சாயங்காலம் ஆறு மணி வரை எடுத்த ஸ்பெஷல் கிளாஸின் பலன்தான் இது என்று எழுதிவிட்டார். பொங்கலுக்கு முன் விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கல்வி அதிகாரிகள் கூட்டம் நடந்தது. எனக்குச் சால்வை போர்த்தினார்கள். அந்த மூன்று வாரம் நான் கட்டிலில் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டு கிடந்தேன் என்று மைக்கில் சொல்ல எனக்கு வாய் இல்லையா? இருந்தது. சொல்லவில்லை. போட்டோ எடுக்கச் சிரித்தேன். என் வீட்டுக்காரர் அதை ஸ்டேட்டஸில் வைத்தார். நூற்று நாற்பது பேர் பார்த்தார்கள் என்று நானே எண்ணினேன். இப்போது நினைத்தாலும் என் மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

என் மௌனத்துக்கு நான் கொடுத்திருக்க வேண்டிய விலையைப் பிள்ளைகள் கொடுத்தார்கள். ஸ்பெஷல் கிளாஸ்தான் மருந்து என்று ஆனபின், எச்.எம். மருந்தை அதிகமாக்கினார். பொதுத்தேர்வு முடியும் வரை பத்தாம் வகுப்புக்கு விளையாட்டே கிடையாது. காலை எட்டரை முதல் சாயங்காலம் ஆறரை வரை உட்கார்ந்தே இருக்க வேண்டும். இடைவேளையில்கூட மைதானத்தில் கால் வைக்கக் கூடாது. அதோடு ஜெசிந்தாவுக்கு ஒரு மெமோ. மாற்று வகுப்புக்கு அனுப்பப்பட்ட நேரத்தில் மாணவர்களை ஓட வைத்துப் படிப்பு நேரத்தை வீணாக்கியதற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று விளக்கம் கேட்டு. இருபத்தேழு பேரைத் தேற வைத்தவளுக்கு மெமோ. கட்டிலில் கிடந்தவளுக்குச் சால்வை.

அவள் மெமோவைக் கையில் பிடித்துக்கொண்டு நேராக ஸ்டாஃப் ரூமுக்கு வந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. அதுதான் என்னை இன்னும் குத்தியது.

“டீச்சர், எனக்கு ஒண்ணே ஒண்ணு எழுதிக் குடுங்க. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரைக்கும் நீங்க லீவுல இருந்தீங்க, அவ்ளோதான். பக்கத்துல மார்க்கை நானே எழுதிக்கிறேன்.”

“பாக்கலாம் ஜெசிந்தா. எச்.எம். சார் கோவத்துல இருக்கார்.”

“இன்னாத்த பாக்கறது? சால்வையை நீங்களே வெச்சுக்கோங்க டீச்சர். எனக்கு மெமோ வந்தா வரட்டும், டிரான்ஸ்ஃபர் போட்டா வேற ஊர்ல மணி அடிச்சிக்கினு இருப்பேன். அந்தப் புள்ளைங்களுக்கு அந்தக் கால் மணி நேரம் போயிடுச்சே, அதுக்கு இன்னா பண்ணுவீங்க?”

நான் நோட்டுத் திருத்துவதுபோல் குனிந்துகொண்டேன். அவள் போனாள். மணி அடிக்க நேரமாகிவிட்டது.

பதினொரு நாள் நான் எழுதிக் கொடுக்கவில்லை. எச்.எம். முகம் சுளிப்பார், மற்ற டீச்சர்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள், இன்னும் என்னென்னவோ பயம். பிப்ரவரியில் முதல் திருப்புதல் தேர்வு வந்தது. தேறியவர்கள் பதினாறு பேர். ஓட்டத்தால்தான் மார்க் ஏறியது என்பதற்கு என்ன அத்தாட்சி என்று யாராவது கேட்டால், இதோ இதுதான். அதே பிள்ளைகள், அதே வகுப்பு, அதே வினாத்தாள் மாதிரி, போதாக்குறைக்கு நான் வேறு தினமும் மூன்று மணி நேரம் கூடுதலாகக் கத்தியிருக்கிறேன். ஓட்டம் நின்றது, மார்க் விழுந்தது. இளவரசி முப்பத்தொன்று. கேள்வியைப் பாதி படித்து, மீதியைப் படிக்காமலே விடை எழுதியிருந்தாள். அன்று மதியம் அவள் பெஞ்சில் கன்னத்தை வைத்துத் தூங்கினாள். எழுப்பப் போன நான், அவள் வாயோரம் எச்சில் ஒழுகியிருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். எட்டரை மணியிலிருந்து உட்கார்ந்திருக்கும் குழந்தையை எந்த முகத்தோடு எழுப்புவது?

அன்று சாயங்காலமே இரண்டு பக்கம் எழுதினேன். லீவு தேதிகள், மூன்று தேர்வு மார்க்குகள், யார் எப்போது என்ன செய்தார்கள் என்பதெல்லாம். கொண்டுபோய் எச்.எம். மேசையில் வைத்தேன். அவர் படித்தார். முகம் மாறியது.

“இன்னா டீச்சர் இது? சால்வை போத்துனவங்களுக்கு நான் இன்னா பதில் சொல்றது? பேஜாரு பண்ணாதீங்க. ஃபைல்ல இது இருக்க வேணாம்.”

“ஃபைல்ல வேணாம்னா, வெள்ளிக்கிழமை பெத்தவங்க கூட்டத்துல படிக்கிறேன் சார்.”

   மறுநாள் எச்.எம். மெமோவைத் திரும்பப் பெற்றார். தினமும் ஐந்தாவது பீரியடில் கால் மணி நேரம் மைதானம் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஜெசிந்தாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். “இதைப் பதினொரு நாளுக்கு முன்னாடி பண்ணியிருக்கலாம் டீச்சர்” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவள் என்னை மன்னித்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மறுநாள் மதியம் மணி அடித்தது. நல்ல செய்தியை நானே சொல்ல வேண்டும் என்ற ஆசையில் ‘பி’ பிரிவுக்குப் போனேன். ஜெசிந்தா விசிலோடு வாசலில் நின்றாள். நான் உள்ளே நுழைந்ததும் முப்பத்தெட்டுப் பேரும் எழுந்து, வணக்கம் சொல்லி, உட்கார்ந்து, கணக்கு நோட்டைத் திறந்தார்கள்.

“நோட்டை மூடி வைங்க. எல்லாரும் கிரவுண்டுக்குப் போங்க” என்றேன்.

ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பின் பெஞ்சுப் பையன்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள். இளவரசி மட்டும் மெல்ல எழுந்தாள். கண் நிறைந்திருந்தது.

“டீச்சர், டெஸ்ட்ல மார்க் கொறஞ்சதுக்கா வெளிய அனுப்புறீங்க? இனிமே தூங்க மாட்டேன் டீச்சர். நைட்டும் உக்காந்து படிக்கிறேன். என்னைக் கிளாஸ்லயே இருக்க உடுங்க.”

வாசலில் ஜெசிந்தா விசிலை வாயிலிருந்து எடுத்தாள். ஊதவில்லை. என்னைத்தான் பார்த்தாள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுவிட்டேன்.