பரோட்டாவை ஒளிக்காத மாலை

போன மாதம் மகள் வேலை பார்க்கிற இடத்தில் மயங்கி விழுந்தாள். இருபத்தாறு வயதில் சர்க்கரை நோய். சோற்றையும் மைதாவையும் தள்ளிவைக்கச் சொன்னார் டாக்டர். எனக்கு அந்தப் பயம் இன்னும் தீரவில்லை. அன்றிலிருந்து வீட்டில் யாரும் பரோட்டா பேச்சையே எடுப்பதில்லை.

கிரிக்கெட் இறுதிப் போட்டியன்று மொட்டைமாடியில் டிவியை வைத்தோம். கரி மூட்டி, மிளகும் மஞ்சளும் தடவிய சீலா மீனை அவளே சுட்டாள். என் தம்பி வழக்கம்போல் பொரிச்ச பரோட்டாவும் சால்னாவுமாக ஏறி வந்து அவளிடம் கேட்டான்.

"ஏளா, பரோட்டா இல்லாம என்ன மேட்ச்சு?"

நான் பதறி, பொட்டலத்தைக் கீழே கொண்டுபோக எழுந்தேன்.

"இங்கனயே இருக்கட்டும்பா. எத்தன நாளைக்கு ஒளிச்சு வைப்பிய?" என்றவள் அவன் பக்கம் திரும்பினாள். "சித்தப்பா, சால்னாவ எங்கிட்ட தாங்க. பரோட்டாவ நீங்க மென்னுக்கிட்டு கெடங்க."

சுட்ட மீனைப் பிய்த்துச் சால்னாவில் தோய்த்து ரசித்துத் தின்றாள். சிக்ஸர் பறந்தபோது எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினாள். பரோட்டா பக்கம் அவள் கை போகவே இல்லை. தம்பிதான் மீனுக்குக் கை நீட்டினான்.

"வரிசைல வாங்க சித்தப்பா."

என் பிள்ளை என்று நெஞ்சு நிமிர்ந்தது. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, மறைக்காமல் நானும் ஒரு பரோட்டா தின்றேன்.