நாங்கள் என்றால் எத்தனை பேர்?

போன ஞாயிற்றுக்கிழமை ஓசூர் கோயிலில், ஆராதனை நடுவில், நான் வாயைத் திறந்துவிட்டேன்.

"ஐயா, ஒன்று விட்டுப்போயிற்று."

இருபத்தொரு தலைகள் திரும்பின. இருபத்திரண்டாவது தலை என் மனைவி எஸ்தருடையது. அது மட்டும் குனிந்தது. ஜெபத்துக்காக அல்ல... வெட்கத்தில்.

கிருஷ்ணகிரியிலிருந்து மாதம் ஒருமுறை பஸ்ஸில் வந்து நற்கருணை அப்பமும் ரசமும் கொடுத்துவிட்டுப் போகும் போதகர், கையில் ஜெப புத்தகத்துடன் திகைத்து நின்றார்.

என்ன விட்டுப்போயிற்று, அதற்கு ஒரு கிழவன் ஏன் இப்படிப் பதற வேண்டும்? உங்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள் அல்ல. கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

நான் திருநெல்வேலிப் பக்கத்து ஆங்கிலிக்கன். 'ராஜாவின் சபை' என்று ஊரில் சொல்வார்கள். அந்த வெள்ளைக்கார ராஜா போய்விட்டார். சபையும் மற்ற சபைகளோடு சேர்ந்து ஒன்றாகி, ஏழு வருஷம் நாலு மாதம் ஆகிறது. அதற்குமுன் புத்தகம் பார்த்து ஜெபித்தவர்கள் நாங்கள். கண்ணை மூடி, மனதில் வந்ததைச் சொல்லி ஜெபித்தவர்கள் அவர்கள். நற்கருணைக்கு நாங்கள் முழங்காலிடுவோம். அவர்கள் பெஞ்சில் உட்கார்ந்தபடி வாங்கிக்கொள்வார்கள். எங்களுக்கு அத்தியட்சர், அதாவது பிஷப்; அவர்களுக்குக் கமிட்டி.

இவற்றில் எது போனால் ஆங்கிலிக்கன் ஆங்கிலிக்கனாக இருக்க மாட்டான்? புத்தகமா? முழங்காலா? நான் யோசித்து யோசித்து, 'கை' என்று முடிவு செய்தேன்.

அத்தியட்சர் தலையில் கைவைத்து ஏற்படுத்திய குருவானவர்தான் நற்கருணை கொடுக்கலாம். அந்த அத்தியட்சர் தலையில் முன்னால் இன்னொரு அத்தியட்சர் கை. அவர் தலையில் இன்னொருவர் கை... இப்படியே இயேசுவின் அப்போஸ்தலர் வரைக்கும். நான் சர்வே ஆபீஸில் முப்பத்தொரு வருஷம் சங்கிலி பிடித்து நிலம் அளந்தவன். சங்கிலிக்கு நூறு கண்ணி. ஒரு கண்ணி குறைந்தாலும் அளவு செல்லாது. எங்கள் போதகரோ கமிட்டியால் ஏற்படுத்தப்பட்டவர். நல்லவர்தான். ஆனால் தலையில் கை இல்லையே?

மத்திகிரி மாட்டுப் பண்ணைக் கம்பவுண்டர் ஞானப்பா, பழைய கமிட்டிக் கட்சி. வீட்டில் கன்னடம், கோயிலில் தமிழ். ஒருநாள் என்னிடம் சொன்னார்: "மாட்டக் கட்டறதுக்கு ஒரு சங்கிலி இருந்தா போதும் சார். நீங்க ஆண்டவரையே கட்டிப் போடறீங்களே."

நானோ மாதம் ஒருமுறை பெங்களூருக்குப் பஸ் ஏறினேன். அங்கே கண்ணி குறையாத குருவானவர் ஒருவர் உண்டு. எழுபத்தெட்டு தடவை போனேன். எஸ்தர் ஒரு தடவையும் வரவில்லை. "எனக்கு இந்தக் கோயில் போதும்" என்றுவிட்டாள்.

அதன் பிறகுதான் முழங்கால் மடங்க மறுத்தது. பஸ் படி ஏற முடியவில்லை. பத்து மாதமாக எனக்கு நற்கருணை இல்லை. இங்கே போதகர் வரும் ஞாயிறுகளில் நான் பெஞ்சிலேயே இருந்து, போகிறவர்களை எண்ணுவேன். எஸ்தர் தனியாகப் போய், நற்கருணை மேசைக்கு முன்னாலுள்ள மரக்கிராதி அருகே முழங்காலிடுவாள். அவளுக்கு இடப்பக்கம் ஓர் ஆள் இடம் காலியாகவே கிடக்கும். கல்யாணமான நாற்பத்தாறு வருஷத்தில் முக்கால்வாசி நான் முழங்காலிட்ட பக்கம் அது. ஏன் விட்டுவைக்கிறாய் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளே...

போன ஞாயிறு போதகர் வழக்கத்துக்கு மாறாகப் புத்தகம் கொண்டுவந்திருந்தார். எனக்காகத்தான் என்று பிறகு தெரிந்தது. பழக்கமில்லாத விரல்கள். இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டிவிட்டார். பாவ அறிக்கை ஜெபம் முழுசாகப் போயிற்று. ஞானப்பா கட்சிக்கு அது தெரியாது. எஸ்தருக்குத் தெரிந்திருக்கும், சொல்ல மாட்டாள். ஜெபங்களை எண்ணிக்கொண்டிருந்தவன் சும்மா இருப்பானா? இருந்திருக்கலாம். எப்படியும் எடுக்கப்போகாத நற்கருணைக்கு முன்னால் எந்த ஜெபம் போனால் எனக்கென்ன?

"எங்கீங்க? காணமே" என்று போதகர் தாள்களைத் தடவினார்.

"இரண்டு தாள் ஒட்டிக்கொண்டிருக்கும்."

"பிரிய மாட்டேங்குதுங்க ஐயா. உங்களுக்கு மனப்பாடமா இருக்குமே, நீங்களே சொல்லிடுங்க. நாங்க பின்னால சொல்றோம்."

எழுந்து நின்று சொன்னேன். கோயிலே ஒவ்வொரு வரியாக என் பின்னால் சொன்னது. கன்னடத் தமிழ், தெலுங்குத் தமிழ், சேலத்துத் தமிழ். ஞானப்பாவின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே.

உட்கார்ந்ததும் எஸ்தர் காதோடு கேட்டாள்: "அந்த ஜெபத்துல 'நாங்கள்'னு எத்தன தடவ சொன்னீங்க?"

"ஒன்பது."

"அதுல யாரெல்லாம்?"

எண்ணத் தெரிந்தவனை இப்படியா மடக்குவது? ஏழு வருஷமாக நான் 'நாங்கள்' என்று சொன்னால், எதிரில் இருக்கிறவர் அதில் இல்லை என்று அர்த்தம். கடவுளிடம் சொல்லும்போது எதிரில் இருக்கிறவர் கடவுள். வெளியே நிற்பவர் அவர் ஒருவர்தான். ஞானப்பா அல்ல, போதகரும் அல்ல. ஒன்பது தடவை அவர்களை உள்ளே இழுத்துப்போட்டுவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்துகொள்வதா?

எஸ்தர் எழுந்தாள். நானும் எழுந்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நடையை மட்டும் குறைத்துக்கொண்டாள்.

கிராதி அருகே, என் இடத்தில் நின்றேன். முழங்கால் மடங்கவில்லை. என்னையும் சேர்த்து இரண்டே பேர் நின்றுகொண்டிருந்தோம். பக்கத்தில் ஞானப்பா... சபை ஒன்றானபின் பெஞ்சைவிட்டு எழுந்து வருவார், ஆனால் முழங்காலிடுவதில்லை என்பது அவர் கொள்கை.

"நம்ம கட்சிக்கு வந்துட்டீங்களா சார்?" என்றார், உதடு அசையாமல்.

"முழங்கால் மட்டும்தான்" என்றேன்.

கண்ணி இன்னும் குறைவுதான். அந்தக் கணக்கை நான் ஒப்புக்கொள்ளவில்லை. செய்தது சரியா என்று இந்த ஒரு வாரத்தில் நூறு தடவை கேட்டுக்கொண்டேன். பெங்களூர் குருவானவருக்கு எழுதத் தொடங்கிய கடிதத்தை நாலு முறை கிழித்தேன்.

அன்று வீடு திரும்பும் வழியில் எஸ்தர் கேட்டாள்: "இன்னைக்கு நற்கருணைக்கு எத்தன பேரு?"

"இருபத்திரண்டு."

"ஒண்ணு விட்டுப்போச்சு" என்றாள்.