எழுத்தெழுத்தாக வந்த பெயர்

கல்வராயன் மலையில் எனக்கு நர்ஸாக முதல் வேலை கிடைத்துச் சேரப் போன அன்று, சுகாதார நிலையத்தின் வாசலில் நின்ற பலா மரத்தடியில் ஒருவர் மரம் அறுத்துக்கொண்டிருந்தார். மரம் என்று சொல்வது கொஞ்சம் அதிகம். அட்டை போல மெலிந்த பிளைவுட் துண்டு. வில்லாக வளைந்த ஒரு சட்டத்தில் நூல் கனத்துக்கு ரம்பம் பூட்டி, அதை மேலும் கீழுமாக ஆட்டி, பலகையை விரலால் திருப்பித் திருப்பி, ஏதோ ஓர் எழுத்தின் வளைவில் போய்க்கொண்டிருந்தார். மூக்கு நுனியில் மரத்தூள். பெஞ்சு பழுதுபார்க்க வந்த தச்சர் என்று நினைத்து, "ஆம்புலன்ஸ் டிரைவர் எங்கங்க இருப்பாரு? என் பெட்டிய இறக்கணும்" என்று கேட்டேன். "அவரு வேலையா இருக்காரு சிஸ்டர். இந்தச் சுழி முடிஞ்சதும் வந்துருவாரு" என்றார் தலையை நிமிர்த்தாமல். சுழி முடிந்தது. தூளை ஊதிவிட்டு எழுந்து, என் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, "வாங்க, நான்தான்" என்றார்.

டிரைவர் அண்ணனுக்கு மணலூர்பேட்டைப் பக்கம் ஊர். நெல்லும் கரும்பும் விளைவிக்கிற குடும்பம். நிலத்தைத் தம்பி பார்த்துக்கொள்ள, இவர் வண்டிக்கு வந்துவிட்டார். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவருக்கு ஓட்டும் நேரத்தைவிடக் காத்திருக்கும் நேரம்தான் அதிகம். அந்த நேரத்தில் மற்றவர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அண்ணன் எழுத்து அறுப்பார். கள்ளக்குறிச்சியில் கட்டிலும் பீரோவும் செய்கிற கடைகளில் மிஞ்சிய துண்டுகளைக் கேட்டு வாங்கி வருவார். எங்கள் நிலையத்தில் எந்தக் குழந்தை பிறந்தாலும், தாயும் பிள்ளையும் ஊர் திரும்பும்போது அந்தக் குழந்தையின் பெயரை மரத்தில் அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷ் பூசிக் கையில் கொடுத்து அனுப்புவார். யாரும் சொல்லி அவர் அதைச் செய்யவில்லை. ஏன் செய்கிறீர்கள் என்று நான் கேட்டபோது, "வெறுங்கையோட எறக்கி வுட்டுட்டு வர்றதுக்கு ஒரு மாதிரியா இருக்குது சிஸ்டர்" என்றதோடு சரி.

இதனால் எங்களுக்கு ஒரு தொல்லையும் வந்தது. டிரைவர் பெயர் கேட்கிறார் என்ற அவசரத்தில், பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் பிரசவ அறை வாசலிலேயே வாதாடத் தொடங்கிவிடுவார்கள். "உங்களாலதான் வார்டு சந்தைக்கடை ஆகுது" என்று மருத்துவர் அம்மா அண்ணனைக் கடிந்துகொள்வார். அவர் மேசை மேலேயே அண்ணன் அறுத்துக் கொடுத்த அவருடைய பெயர் பளபளவென்று நின்றுகொண்டிருக்கும். அண்ணனுக்குப் பிடிக்காத ஒன்று, மெய்யெழுத்துக்கு மேலே வரும் புள்ளி. அந்தரத்தில் நிற்கிற புள்ளியை மரத்தில் நிறுத்த வேண்டுமானால், எழுத்துக்கும் அதற்கும் நடுவே மெல்லிய காம்பு ஒன்றை விட்டு அறுக்க வேண்டும். பெரும்பாலும் கடைசி இழுப்பில்தான் அது ஒடியும். "புள்ளி இல்லாத பேரா வைங்கம்மா, புண்ணியமாப் போவும்" என்று பரிசோதனைக்கு வரும் கர்ப்பிணிகளிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பார்.

ஒரு மழைக்காலத்தில், மலைக்கு உள்ளே தள்ளியிருந்த ஊரிலிருந்து ஒரு பெண் வலியோடு வந்தாள். நாள் ஆகுமுன்பே பிறந்துவிட்டது குழந்தை. பெண் குழந்தை. என் உள்ளங்கையிலும் முன்கையிலுமாக அடங்கிவிட்டது. மருத்துவர் அம்மா பார்த்துவிட்டு, உடனே கீழே கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். காலை மூட்டத்தில் வண்டி வளைவு வளைவாக இறங்கியது. தாயின் நெஞ்சோடு குழந்தையை ஒட்ட வைத்துப் போர்த்தியிருந்தோம். நான் குழந்தையின் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். பயத்தில் உறைந்து கிடந்த வண்டிக்குள் ஏதாவது பேச வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, அண்ணன் வழக்கம்போல, "பேரு இன்னா வைக்கலாம்னு இருக்கீங்க?" என்றார். அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பக்கத்தில் இருந்த அவளுடைய மாமியார்தான் பதில் சொன்னார்.

"அத மட்டும் கேக்காதப்பா. மொதப் புள்ளைக்குப் பொறந்த அன்னிக்கே பேரு வெச்சுக் கூப்புட்டோம். தங்கல."

மலை இறங்கிக் கோமுகி அணை கண்ணுக்குத் தெரிந்ததும் அண்ணன் வண்டியை விரட்டினார். பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். மூச்சு சீராகிவிட்டது என்று தெரிந்த பிறகுதான் அண்ணன் வண்டியை எடுத்தார்.

பச்சிளங்குழந்தைப் பிரிவில் பயிற்சிக்கு என்னை ஏற்கெனவே போட்டிருந்தார்கள். அதனால் அந்த மாதம் முழுக்க நான் கீழேயே இருந்தேன். நோயாளியைக் கொண்டுவரும்போதெல்லாம் அண்ணன் வார்டுப் பக்கம் வருவார். அந்தப் பெண் வராண்டா பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் அண்ணன் அவளுக்கு எதிரே தரையில் குந்திக்கொண்டு, "பேரெல்லாம் வேணாம் தாயி. ஒரே ஒரு எழுத்து சொல்லு. ஒரு எழுத்து பேரு ஆவாது" என்றார். அவள் வார்டுக் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல, "ம" என்றாள்.

அடுத்த முறை வந்தபோது அண்ணன் சட்டைப் பையில் ஒரு "ம" இருந்தது. சுழியும் கோணமும் கச்சிதமாக, உப்புத்தாள் போட்டு வழவழவென்று. அவள் அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். குழந்தையின் எடை ஏறிய ஒரு நாளில் "ல" சொன்னாள்; அதுவும் அறுபட்டு முந்தானைக்குப் போயிற்று. வார்டில் இருந்த நாங்கள் எல்லோரும் கணக்குப் போடத் தொடங்கினோம். மலரா, மலர்விழியா, மல்லிகா என்றால் இரண்டாவது எழுத்து தப்பாயிற்றே என்று சாப்பாட்டு நேரமெல்லாம் அதே பேச்சு.

அப்போதுதான் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. ஏறிய எடை இறங்கியது. மறுபடியும் ஆக்சிஜன் வைத்தோம். அன்று அண்ணன் வந்தபோது, அந்தப் பெண் முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு எழுத்துகளையும் அவர் கையில் வைத்தாள். "நீங்களே வெச்சுக்குங்கண்ணே" என்றாள். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். அவரோ இரண்டையும் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, படியிறங்கிப் போய்விட்டார். அவருக்கும் நம்பிக்கை விட்டுப்போயிற்று என்றுதான் நான் நினைத்தேன். வண்டி வெளியே போன பிறகு எனக்குக் கண் கலங்கிவிட்டது.

குழந்தை எங்களைவிடக் கெட்டி. காய்ச்சல் விட்டது. பாலைத் தானாகச் சப்பிக் குடித்தது. முதன்முதலாக வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி வீறிட்டு அழுதது. அடுத்து அண்ணன் வராண்டாவில் கால் வைத்ததுமே, "அந்த எழுத்தெல்லாம் எங்கண்ணே?" என்று அவளே எழுந்து வந்தாள். அண்ணன் சட்டைப் பைக்குள் கையை விட்டு அதே கைக்குட்டையை எடுத்தார். அத்தனை நாளும் எந்தச் சட்டை போட்டாலும் அதைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டுதான் வண்டி ஏறியிருக்கிறார். அவள் வாங்கிக்கொண்டு, "இர்" என்றாள்.

மலர். எங்களுக்கு ஒரே கொண்டாட்டம். அண்ணன் புள்ளி ஒடியாமல் "ர்" அறுத்து, மூன்று எழுத்துக்கும் அளவாக ஒரு பட்டைப் பலகை தயார் செய்து, ஓரத்தில் சின்னப் பூ ஒன்றும் கொத்தி, வார்னிஷ் போட்டுக் கொண்டுவந்தார். அவள் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"இன்னும் முடியலியேண்ணே. இக்கு இருக்குது."

"இக்கா?" என்றார் அண்ணன். "இன்னொரு புள்ளியா?"

"அதுக்கப்பறம் 'கொ'."

அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். 'கொ' என்றால் முன்னால் கொம்பு, நடுவில் க, பின்னால் கால் என்று மூன்று துண்டு. "ஏன் தாயி, மொத்தமா சொல்லிருந்தா பலகையாவது நீட்டா வாங்கிருப்பேனே" என்றார். அவள் சிரிப்பை நிறுத்தி, "வயித்துல இருக்கும்போதே முழுசா யோசிச்சு வெச்சுட்டேன். சொல்லிட்டா போயிருமோன்னு பயமா இருந்துச்சுண்ணே" என்றாள். பிறகு தானாகவே, எல்லோருக்கும் கேட்கும்படி, "மலர்க்கொடி" என்று சொன்னாள். மாமியார் அவள் தலையில் கை வைத்தார். வீட்டுக்குப் போன நாளில் குழந்தையைத் தாய் தூக்கிக்கொள்ள, ஒட்டுப் போட்டு நீட்டிய பலகையை மாமியார் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏறினார். பூ நடுவில் வந்துவிட்டது. அதுவும் அழகாகத்தான் இருந்தது.

இப்போது எனக்குக் கள்ளக்குறிச்சியில் வேலை. அண்ணன் இன்னும் மலையில்தான். தலை நரைத்துவிட்டது, வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு அறுக்கிறார். மலர்க்கொடி பள்ளிக்கூடம் போகிறாள். போன மாதம் ஒரு நோயாளியைச் சேர்த்துவிட்டு, ஆஸ்பத்திரி எதிரே உள்ள கடையில் என்னோடு டீ குடித்துக்கொண்டிருந்தபோது அண்ணனின் போன் அடித்தது. ஒரு கையில் கிளாஸ் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார். மலர்க்கொடியின் அம்மா.

"அண்ணே, நான் மறுபடியும் முழுகாம இருக்கேன்."

"நல்லது தாயி. எப்பத் தெரிஞ்சுது?"

"இப்பத்தான். டாக்டரம்மா பாத்துட்டுச் சொன்னாங்க. நம்ம மலை ஆஸ்பத்திரி வாசல்லதான் நிக்கிறேன். பேனா எடுங்க. பொண்ணுன்னா ஒரு பேரு, பையன்னா ஒரு பேரு. ரெண்டையும் சொல்லிடறேன்."

அண்ணன் கிளாஸை வைத்துவிட்டு என் பையிலிருந்த பேனாவை வாங்கினார். அவள் இரண்டு பெயரையும் கணீரென்று சொன்னாள். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர்கூட ஒரு கணம் நிறுத்தி இந்தப் பக்கம் பார்த்தார். அண்ணன் உள்ளங்கையில் எழுதி, திருப்பிப் படித்துக் காட்டி, அவள் சரி என்று சொன்ன பிறகு மூடியைப் போட்டார்.

"எழுதிக்கினேன் தாயி. வூட்டுக்காரர் இன்னா சொன்னாரு?"

"அவருக்கு இன்னும் சொல்லலண்ணே."

"மொதல்ல அவருக்குப் போன் போடு" என்றார் அண்ணன்.