சீனியர் கொடுத்த தலைப்பகுதி

தம்பானூரில் ஆய்வேடுகளைக் கணினியில் வடிவமைத்து அச்சிட்டுத் தரும் சிறிய கடையில் வேலை செய்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். ஆய்வேட்டில் இருப்பது எனக்குப் புரியாது. பக்கம் ஏன் வரவில்லை என்பது ஓரளவு பிடிபடும்.

போன மழைக்காலத்தில் நாகர்கோவில் பக்கத்துப் பெண் ஒருத்தி வந்தாள். அன்று மாலைக்குள் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். தவறினால் கிடைத்திருந்த கல்லூரி வேலை போய்விடும். கோப்பைப் பக்கங்களாக மாற்ற ஓட்டினாலோ பாதியில் பிழை காட்டி நின்றுவிட்டது. கூடவே மாமியார், அவர் மடியில் குழந்தை.

"வருசக்கணக்கா இவ எழுதுனா. இப்போ எந்திரம் பிணங்கிட்டு நிக்கி," என்றார் மாமியார்.

"அத்தே, சும்மா இரிங்க. அண்ணனுக்கு டென்ஷன் ஆவும்."

"எனக்கில்லாத டென்ஷனா?"

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெண்களின் முகம் பார்த்துப் பேச எனக்கு வராது.

கோப்பின் தலைப்பகுதியை, ஆய்வேட்டின் எழுத்துக்கு முன்னால் கணினிக்கான கட்டளைகள் இருக்கும் இடத்தை, திறந்தேன். படம் வைக்க, அட்டவணை போட என்று ஒவ்வொரு வேலைக்கும், யாரோ முன்பே எழுதிவைத்த ஒரு நிரல் தொகுப்பை, பேக்கேஜை, அங்கேதான் அழைக்க வேண்டும். அவளுடைய ஆய்வகத்தில் சீனியர் தன் தலைப்பகுதியை ஜூனியருக்கு அப்படியே கொடுப்பது வழக்கமாம். எல்லோரும் வரிகளைச் சேர்ப்பார்கள். யாரும் எடுக்க மாட்டார்கள். நிறத்துக்கான பேக்கேஜ் இரண்டு இடத்தில், இரண்டு விதமாக அழைக்கப்பட்டிருந்தது; ஒன்றோடொன்று மோதும். சொடுக்கினால் வேறு பக்கத்துக்குத் தாவும் இணைப்புகளைப் போடும் பேக்கேஜ், கடைசியில் வர வேண்டியது, நடுவில் கிடந்தது.

"எல்லாத்தையும் நிறுத்திட்டு, வேண்டியத மட்டும் ஒண்ணொண்ணா விளிக்கலாமா?" என்றேன்.

"ஐயோ, அதுல கை வைக்காண்டாம்னு கைடு சார் சொல்லியிருக்காரு."

"பழசு வேற ஃபைல்ல அப்படியே இருக்கும்."

அரைமனதாகத் தலையாட்டினாள். ஒரு வரியைச் சேர்ப்பேன், ஓட்டிப் பார்ப்பேன், அடுத்ததைச் சேர்ப்பேன்.

"இது எதுக்கு?"

"தெரியாதுண்ணே. சீனியர் தந்தப்பமே இருந்துது."

அப்படிப்பட்டவற்றை விட்டுவிட்டோம். வைத்துக்கொண்ட வரிகளுக்குப் பக்கத்தில், எது எதற்கு என்று அவளையே தட்டச்சு செய்யச் சொன்னேன்.

பக்கங்கள் வந்தன. ஆனால் அத்தியாயத் தலைப்பைச் சுற்றி அந்த ஆய்வகத்தார் போடும் பூவேலைக் கட்டம் இல்லை. அதற்கான பேக்கேஜை அழைத்தால் மறுபடியும் பிழை.

"சார் கேப்பாரே," என்றாள். குரல் இறங்கியிருந்தது.

மாமியார் எட்டிப் பார்த்தார். "நீ எழுதுனது உள்ள இருக்கா?"

"இருக்கு."

"பின்னே என்ன? கல்யாணக் கார்டா அடிக்க, பூ போடதுக்கு?"

அவள் சிரித்துவிட்டாள். "பிரிண்ட் போடுங்கண்ணே."

மாலையில் போன் வந்தது. மாமியார்தான்.

"ஆய்வேட்ட வாங்கிட்டானுவோ. கட்டம் எங்கன்னு சார் கேட்டாராம். நேரமில்லேன்னு சொல்லிட்டாளாம் புள்ள."

பின்னால் குழந்தை அழுதது. "சந்தோசம்மா," என்றேன்.