அட்டையில் விழாத ஓட்டை

நான் மாநாட்டுக்குப் போனது ஒரு கதவு திறப்பதற்காக. புதுக்கோட்டையில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டர் கதவு அது. பிரசவம் பார்க்க என்னை விட்டார்கள், தையல் போட விட்டார்கள். வயிற்றைத் திறந்து பிள்ளையை எடுக்க மட்டும் பெரிய டாக்டர் வரவேண்டும். அவர் ஊரில் இல்லாவிட்டால் அந்தப் பெண்ணைக் காரில் ஏற்றித் தஞ்சாவூருக்கு அனுப்புவோம். எம்.பி.பி.எஸ். படித்த நான் குளுகோஸ் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து போவேன்.

"திருச்சியில பல தேசத்து டாக்டர்கள் கூடுறாங்க. எல்லாக் கூட்டத்துலயும் உக்காந்து சர்டிபிகேட்டோட வா. அப்புறம் தியேட்டர் உன் பொறுப்பு" என்றார் பெரிய டாக்டர்.

எங்கள் ஊர் கீரமங்கலத்தில் பூ விளைவித்து விற்கும் என் அப்பா இதைச் சந்தையெல்லாம் சொல்லி முடித்தார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்தவள் நான் ஒருத்திதான். "எம் மக வெள்ளைக்கார டாக்டருங்களோட சரிக்குச் சமமா உக்காரப் போவுது" என்று பூ வாங்க வந்தவர்களிடமும் சொன்னாராம்.

மாநாட்டில் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை கொடுத்தார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் உள்ளே நுழையும்போது வாசலில் நிற்கும் பியூன், ரயில் டிக்கெட்டில் போடுவதுபோல அதில் ஓர் ஓட்டை போடுவார். எல்லா ஓட்டையும் விழுந்தால்தான் சர்டிபிகேட். முதல் நாள் முழுக்க முன்வரிசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டேன். மறுநாள் காலை, பிள்ளை பிறந்தபின் நிற்காத ரத்தப்போக்கைப் பற்றி ஒரு வெளிநாட்டு டாக்டர் பேசப்போகிறார். அதைக் கேட்கத்தான் நான் துடித்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் மாநாட்டுச் செயலாளர் கூப்பிட்டார். எங்கள் பெரிய டாக்டரின் சிநேகிதர். அவர் தயவில்தான் எனக்கு இடமே கிடைத்திருந்தது.

"நீ புதுக்கோட்டைப் பொண்ணுதானேம்மா? வெளிநாட்டு டாக்டருங்க சம்சாரமெல்லாம் நாளைக்குச் சித்தன்னவாசல் பாக்கப் போறாங்க. கூடப் போய் எல்லாத்தையும் காட்டிட்டு வந்துடு."

"நாளைக்கு ரத்தப்போக்கு பத்திப் பேசுறாங்க சார். நான் வந்ததே அதுக்குத்தான்."

"பேச்சு எங்கம்மா ஓடிப்போகுது? பின்னால அச்சடிச்சுத் தருவோம்."

"புதுக்கோட்டைக்காரங்க இன்னும் ரெண்டு டாக்டர் வந்திருக்காங்களே. அவங்கள்ல ஒருத்தரை அனுப்புங்க."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். "லேடீஸுக்குத் துணையா ஆம்பளையை அனுப்பச் சொல்றியா? நல்லாருக்கே!" என்றார் ஒருவர். அதற்குமேல் பேசினால் என்னை மட்டுமா, பெரிய டாக்டரையும் சேர்த்துப் பேசுவார்கள்.

மறுநாள் காலை வேனில் முன்சீட்டில் என்னை உட்கார வைத்தார்கள். நான் சித்தன்னவாசலை அதுவரை பார்த்ததே இல்லை. கீரமங்கலத்திலிருந்து யார் அங்கே போகிறார்கள்? விடுமுறையில் ஊருக்குப் போனால் களை எடுப்பதற்கே பொழுது சரியாக இருக்கும். குகையில் கூரையைக் காட்டி, அந்தத் தாமரைக் குளத்தை வரைந்தது யார், எந்தப் பச்சிலையில் சாயம் எடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். தெரியாது, தெரியாது என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். "நீ எத்தனை முறை வந்திருக்கிறாய்?" என்று ஒரு அம்மாள் கேட்டாள். இதுதான் முதல் முறை என்றதும் எல்லோரும் கலகலவென்று சிரித்தார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. தாமரை அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல்தான் வந்தது. இந்நேரம் அந்த டாக்டர் மருந்தின் அளவைச் சொல்லியிருப்பார், இந்நேரம் கேள்வி கேட்க விட்டிருப்பார் என்று மனசு திருச்சியிலேயே கிடந்தது.

திரும்பி வந்தபோது மண்டபத்தில் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். செயலாளர் என்னைப் பார்த்ததும் பியூனிடம் சொன்னார்: "அந்தப் பொண்ணு அட்டையிலயும் ஒரு ஓட்டை போட்டு விடுப்பா."

நான் அட்டையை இழுத்துக்கொண்டேன். "நான் உக்காரவே இல்லையே சார்."

"யாரும்மா பாக்கப் போறா?"

"ஓட்டை வேண்டாம். அந்த டாக்டர் எங்கூட அரைமணி நேரம் பேசட்டும். போதும்."

"அவரு மத்தியான விமானத்துலயே போயிட்டாரு. பிடிவாதம் பிடிக்காதே."

நான் அட்டையைக் கொடுக்கவில்லை. கேட்காததைக் கேட்டதாகக் காட்டிக்கொண்டு தியேட்டருக்குள் நுழைய நான் படிக்கவில்லை.

கீரமங்கலத்தில் அப்பா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "வெள்ளைக்காரங்க என்ன ஆத்தா சொன்னாங்க?"

"தெரியாதுப்பா. அவங்க பொண்டாட்டிங்களுக்குக் குகை காட்டப் போயிட்டேன்."

"குகை காட்டவா ஒன்னைய டாக்டருக்குப் படிக்க வச்சேன்?" என்றார். சந்தைக்குப் போனால் கேட்பார்களே என்று ரெண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லையாம்.

பெரிய டாக்டர் அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு ஓட்டைதானே, போட்டுக்கிட்டு வரவேண்டியதுதானே? சரி, அடுத்த மாநாடு வரட்டும், தியேட்டரை அப்புறம் பாப்போம்" என்றார்.

அந்த மாசமே அவர் மதுரைக்குப் போயிருந்த நாளில் ஆலங்குடிப் பக்கமிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். பிள்ளை குறுக்கே கிடந்தது. காரில் ஏற்றும்போது அவள் என் புடவையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்களும் டாக்டர்தானேம்மா, இங்கிட்டே பாத்து விடக் கூடாதா?"

"கூடாதாம்" என்று சொல்லிவிட்டு, பாட்டிலைத் தூக்கிப் பிடித்தபடி அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன்.