கை நனைக்காமல் வந்த வீடு

கண்ணுகளா, உங்கள் இரண்டு பேரிடமும் நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். ஒரு வாழையிலை என் கண்ணிலேயே நிற்கிறது. அதில் சோறு, பூண்டுக் குழம்பு, காரட் பொரியல், ஓரத்தில் பாயசம். ஆவி பறக்கிறது. அந்த இலைக்கு முன்னால் நான் உட்காரவில்லை, நின்றுகொண்டிருக்கிறேன்.

பெரியவனே, கோயம்புத்தூர் ஓட்டலில் வேலை கிடைத்த அன்றைக்கு, "என் கைப்பக்குவத்தப் பாத்து எடுத்துட்டாங்கப்பா" என்று சிரித்தாய். நானும் சேர்ந்து சிரித்தேன். அவர்கள் உன் கையைப் பார்ப்பதற்கு முன்பே உன் சின்ன மாமா அங்கே போன் போட்டுவிட்டார். அந்த மாமா முதன்முதலில் ஓட்டல் அடுப்படிக்குள் எப்படி நுழைந்தார் என்பது உங்களுக்குத் தெரியாது. அப்போது நீங்கள் சின்னப் பிள்ளைகள்.

கொடைக்கானலில் நான் வேலை பார்க்கும் ஓட்டலில் அன்றைக்கு நான் இரண்டாவது சமையல்காரன். ஆள் தேவைப்பட்டால் மாஸ்டர் கரண்டியைக் கழுவிக்கொண்டே, "நம்ம ஆளு எவனாச்சும் சும்மா கெடக்கானா?" என்று கேட்பார். அவ்வளவுதான். அந்தச் சேதி கல்யாணப் பந்தியில் பேச்சோடு பேச்சாகப் போகும், காதுகுத்து வீட்டில் போகும், போனில் போகும். யாரையும் வேண்டாம் என்று யாரும் சொன்னதில்லை. சேதியே போகாத வீட்டுக்கு வேண்டாம் என்று சொல்லும் அவசியம் வருவதில்லை.

எங்கள் தோட்டக்காரர் பளியர், மலைச்சனம். அடுக்கம் ஊருக்குக் கீழே காட்டோரக் குடியிருப்பில் வீடு. என்னைவிட மூத்தவர், எனக்கு முன்பே வேலைக்கு வந்தவர். ஆனாலும் என்னை அண்ணே என்பார். நான் அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டேன். புல்தரையும் ரோஜாவும் அவர் பொறுப்பு. கட்டடத்துக்குள்ளே அவர் ஆட்கள் ஒருவர்கூடக் கிடையாது. அவர் மகள் மதுரையில் விடுதியில் தங்கிக் கேட்டரிங் படித்து முடித்து, வேலை இல்லாமல் வீட்டில் இருந்தாள்.

ஒருநாள் கேட்டார்: "வேலை காலியா இருக்குன்னு உங்களுக்கெல்லாம் எங்க இருந்துண்ணே தெரியுது? நானும் இங்கனக்குள்ளதான் கெடக்கேன். எங்காதுல மட்டும் விழமாட்டேங்குதே."

"பந்தியில உட்காந்தா தெரியும்ப்பா" என்றேன், விளையாட்டாக.

அவர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அரசாங்கம் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீட்டுக்குப் பால் காய்ச்சுவதாக ஓட்டலில் ஒருவர் விடாமல் அழைத்தார். "எஞ்சினியரு கட்டுன வீடு, மழைக்கு மட்டுந்தான் பயப்படும்" என்று சொல்லிச் சிரிக்க வைத்தார். என்னிடம் மட்டும் தனியாக, "எம்பொண்ணுதான் சமைக்குது. நீங்க தின்னு பாத்துட்டு மாஸ்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்ண்ணே" என்றார்.

போனது நானும், அறைகளைச் சுத்தம் செய்யும் பிரிவில் இருந்த ஓர் அண்ணனும் மட்டும்தான். ஜீப்பில் மலையிறங்கும்போதே அந்த அண்ணன் ஆரம்பித்தார். "ஏலே, தேனத் தடவிக் கெழங்கு குடுப்பாங்க, நல்லா மெல்லு." பிறகு குரலை இறக்கி, "அங்க கை நனைச்சேன்னு நம்ம சனத்துக்குத் தெரிஞ்சா, நாளைக்கு உன் வீட்டுப் பந்தியில எவன் உட்காருவான்?" என்றார். அவர் சொன்னதைத்தான் நானும் நினைத்துக்கொண்டு வந்தேன்.

வாசலில் ஓலைப் பந்தல். நெடுக இலை போட்டிருந்தார்கள், ஓட்டல் முழுவதும் வரும் என்று. அந்தப் பெண் கல்லூரியில் கொடுத்த வெள்ளைக் கோட்டைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு நின்றாள். தைப்பூசம் நெருங்கிக்கொண்டிருந்தது. "பழனிக்கு மாலை போட்டிருக்கேன்ப்பா, வெளியில கை நனைக்கக் கூடாது" என்றேன். கழுத்து வரை ஸ்வெட்டர், அதற்கு மேல் மப்ளர். உள்ளே மாலை இல்லை. கூட வந்த அண்ணன் எனக்கும் அப்படித்தான் என்பதுபோல் தலையை ஆட்டினார்.

தோட்டக்காரர் இலையையே பார்த்தார். அந்தப் பெண்தான் பேசினாள்: "கூல்டிரிங்ஸாச்சும் குடிங்க சார்." பாட்டிலைத் துடைத்து, மூடியைத் திறக்காமல் என் கையில் கொடுத்தாள். நாங்களே திறந்துகொள்ளட்டும் என்று. அவளுக்கு எல்லாம் புரிந்திருந்தது.

இரண்டொரு நாள் கழித்து, அடுப்படியில் ஆட்டுக்கால் சூப்புக்கு உப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். தோட்டக்காரர் புதினாக்கட்டோடு பின்வாசலில் வந்து நின்றார். என் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தார். "பழனி போயிட்டு வந்துட்டீங்களாண்ணே? வெரசாத்தான்" என்றார். சிரிக்கவில்லை. புதினாவை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த மாதமே மாஸ்டர் ஆள் கேட்டார். அந்தப் பிள்ளையின் சமையல் எப்படி என்று நான் எப்படிச் சொல்வேன், சாப்பிட்டுப் பார்க்கவில்லையே என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். உங்கள் சின்ன மாமாவைச் சொன்னேன். அவருக்கு அப்போது வெங்காயம் உரிக்கக்கூடத் தெரியாது. அதை ஒருவரும் கேட்கவில்லை. நம்ம ஆளு என்றதே போதுமானதாக இருந்தது. மாமா அங்கிருந்து மதுரைக்குப் போனார், கோயம்புத்தூருக்குப் போனார், இப்போது உன்னையும் கூப்பிட்டுக்கொண்டார். அந்தப் பெண் திருப்பூருக்குப் போய்விட்டாள். "பனியன் கம்பெனிங்க. அங்க யாரையும் தெரிஞ்சிருக்க வேண்டாமாம்" என்றார் தோட்டக்காரர். அவரும் இப்போது வேலையில் இல்லை.

பெரியவனே, நீ திறமை இல்லாதவன் என்று அப்பா சொல்லவில்லை. நீ நன்றாகவே சமைக்கிறாய். ஆனால் உன் திறமையைப் போய்ச் சொல்ல உனக்கு ஓர் ஆள் இருந்தது. அந்தப் பிள்ளைக்கு அந்த ஆளாக என்னைத்தான் நினைத்திருந்தார்கள். நம் வீட்டில் நாம் சாப்பிடும் சோற்றில் அவள் பங்கும் இருக்கிறது என்று நினைக்கும்போது எனக்குத் தலை நிமிரவில்லை.

இப்போது நான்தான் மாஸ்டர். முந்தாநாள் மேனேஜர் வந்து, "கிச்சனுக்கு ரெண்டு ஆள் வேணும் மாஸ்டர், உங்க சைடுல பாருங்க" என்றார். போனை எடுத்தேன். நம் சொந்தக்காரர்கள் குரூப்பைத் திறந்தேன். ஒன்றும் எழுதாமல் மூடிவிட்டேன்.

இன்று வெள்ளனே, உங்கள் அம்மாவிடமும் சொல்லாமல், முதல் பஸ்ஸில் அடுக்கத்துக்கு இறங்கிக் குடியிருப்புக்கு நடந்தேன். ரேஷன் கடை இன்னும் திறக்கவில்லை. கொண்டுபோன தாளை மைதாப் பசை தடவி அதன் சுவரில் ஒட்டினேன். 'ஓட்டல் சமையலறைக்கு ஆள் தேவை. ஆண், பெண் யாரும் வரலாம். யாரையும் தெரிந்திருக்க வேண்டாம். சமைத்துக் காட்டினால் போதும்.' கீழே ஓட்டல் பேரும் என் போன் நம்பரும். பனியில் சுவர் நனைந்திருந்தது, தாள் பிடிக்கவில்லை. பசை காயும் வரை இரண்டு உள்ளங்கைகளாலும் அதை அழுத்திக்கொண்டே நின்றேன்.