ஊதா நிறத்துக்கு நாலு மைல்

அன்று மாலை 5.52க்கு நான் “நாலு” என்று சொல்லவில்லை.

போன மே மாதம், டெக்சஸின் வடக்குச் சமவெளியில் இடிமழையையும் டொர்னேடோ என்னும் சுழல்காற்றையும் படமெடுக்கப் போயிருந்தேன். போக விரும்பும் உங்களில் சிலர் வழி கேட்டிருந்தீர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

டல்லாஸ் பக்கத்தில் பிளேனோவில் இருக்கும் கார்த்திக் அண்ணா என் கல்லூரி சீனியர், ஈரோட்டுக்காரர். எட்டு வருடமாகப் புயல்களைப் படமெடுக்கிறார். நான் வசிக்கும் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கிலிருந்து கிளம்பி, முந்தைய நாளே நியூவார்க்–டல்லாஸ் விமானத்தில் போய்விட்டேன். நாலு மணி நேரம், 238 டாலர். மறுநாள் காலை ஏழு மணிக்கு அண்ணாவின் மனைவி நித்யா அக்கா தயிர்சாத டப்பாவை என் கையில் கொடுத்தார்.

“கேமராவ எடுத்துட்டா இவருக்குப் பொண்டாட்டி பேரே மறந்துடும். புயலுக்கு அஞ்சு மைலுக்குள்ள விடாத. நீதான் பொறுப்பு.”

“சரிக்கா, ப்ராமிஸ்.”

வேலை எளியதுதான். அவர் ஓட்டுவார், படமெடுப்பார், கண் வானத்தில் இருக்கும். நான் ஃபோனில் ராடார் பார்க்க வேண்டும். அதில் ஊதா நிறம் என்றால் ஆலங்கட்டி. அது எத்தனை மைலில் இருக்கிறது என்று இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஐந்து என்றால் கிளம்பிவிட வேண்டும்.

சைல்ட்ரஸ் என்ற ஊர் வரை 240 மைல், நாலு மணி நேரம். அதற்கு மேற்கே, ஒதுங்க ஒரு மரம்கூட இல்லாத பருத்திக்காட்டு ஓரத்தில் மதியம் முழுக்கக் காத்திருந்தோம். மேகம் கண்ணெதிரே சுழலும் என்று படித்திருக்கிறேன். இவ்வளவு சத்தமில்லாமல் சுழலும் என்று எங்கும் படித்ததில்லை.

“எவ்ளோ?”

“ஏழு.”

“எவ்ளோ?”

“ஆறு.”

அப்போது வெள்ளையாக ஒரு சுழல் இறங்கிச் செம்மண்ணைத் தொட்டது. நானும் கேமராவை எடுத்தேன். அடுத்து ஃபோனைப் பார்த்தபோது நாலு.

“எவ்ளோம்மா?”

“இருங்கண்ணா, லோட் ஆகுது.”

லோட் ஆகியிருந்தது. இன்னும் பத்துப் படம் எடுத்தேன்.

காரைத் திருப்பிய மூன்றாவது நிமிடம் எலுமிச்சை அளவில் ஆலங்கட்டி விழத் தொடங்கியது. ஓட்டுநர் பக்கக் கண்ணாடி உடைந்து அவர் முகத்தில் கொட்டியது. வண்டியை ஓரங்கட்டிவிட்டு, “எனக்குக் கண்ணு தெரியல. நீ ஓட்டு” என்றார். 28 மைல் ஓட்டினேன். மருத்துவமனை வாசலில், “அழாத. படம் வந்துச்சா?” என்று கேட்டார்.

வந்திருந்தது. அதை இங்கே போடவில்லை.

போகிறவர்களுக்கு: ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் பாதி வரை நல்ல காலம். பெட்ரோல் டாங்க் பாதி குறைந்ததும் நிரப்புங்கள். மழை வந்தால் மண்சாலையில் இறங்காதீர்கள். ஃபோனில் தெரியும் ராடார் படம் சில நிமிடம் பழையது. நாலு என்று காட்டினால் நிஜத்தில் அதைவிடக் கிட்டே இருக்கலாம். தூரம் சொல்பவர் கையில் கேமரா இருக்கக் கூடாது.

அண்ணாவுடைய இடது கண்ணில் இப்போது வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது.

வெளியிடும் முன் இதை இருவருக்கும் அனுப்பினேன். “பருத்தி இல்ல, அது கோதுமை” என்று அண்ணா எழுதினார். நித்யா அக்கா படித்துவிட்டதாக ஃபோன் காட்டுகிறது.